துடைத்தால் போகிற பளபளப்பு

பாலிஷ் போட்டு முடித்த காரின்மேல் ஆல்கஹால் படக்கூடாது. பட்டால் மெருகு போய்விடும், பெயிண்டே கரைந்துவிடும். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் இப்படித்தான் சொல்கிறார்கள். வாட்டர் வாஷ் போடும் இடங்களிலும் இதே பேச்சுத்தான். கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வைத்த டீட்டெயிலிங் கடைகளில்கூட, "அண்ணே, இந்த பானட்டை ஒரு தடவை துடைச்சுக் காட்டுங்க" என்று கேட்டால், "வேணாம் சார், ஸ்பிரிட் பட்டா பெயிண்டுக்கு ஆகாது" என்ற பதில் வருகிறது. கார் வைத்திருப்பவரும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார். பெயிண்டில் கைவைப்பவர்கள் சொல்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிடுகிறோம்.

இந்த நம்பிக்கை தவறு என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. சாதாரணத் தவறாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் பாலிஷ் வேலை உண்மையிலேயே நடந்ததா என்று பார்க்கக் கார்க்காரருக்கு இருக்கும் எளிய, மலிவான வழியை இது அடைத்துவிடுகிறது. அதைவிட மோசம், எந்தப் பெயிண்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இந்த அறிவுரை தரப்படுகிறதோ, அதே பெயிண்டை இது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தீர்க்கிறது. தண்ணீர் கலந்து நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துப் பார்க்காமல், கீறல் போய்விட்டது என்று எந்தப் பட்டறையும் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. நீர்த்த ஆல்கஹாலைத்தான் சொல்கிறேன், கேனிலிருந்து அப்படியே ஊற்றுவதை அல்ல. அந்த வேறுபாட்டில் இந்த விவகாரத்தின் பாதி இருக்கிறது.

பாலிஷ் எதன்மேல் ஓடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். இன்றைய காரில் நம் கை படுவது நிறத்தின்மேல் அல்ல, நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சின்மேல். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில், தகட்டின் மேலுள்ள எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு மெல்லியது என்று தெரியும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள் இருப்பதும் இந்தப் படலத்தில்தான். அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த நுண்கீறல்கள் இருப்பதும் இதில்தான். கறுப்புக் காரை வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாகத் தெரியுமே, அவைதான்.

கீறலை எடுப்பது என்றால், கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துவது. வேறு வழி கிடையாது. ரப்பிங் காம்பவுண்டிலும் பாலிஷிலும் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றோடு தண்ணீரும், எண்ணெய் வகைகளும், இரண்டையும் சேர்த்து வைக்கும் பொருட்களும் கலந்திருக்கும். எண்ணெய் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பஃபிங் மெஷினின் பேட் பெயிண்டில் வறண்டு தேய்ந்து, சூடேறி, புதுக் கீறலைப் போடும். ஆகவே பாலிஷ் டப்பாவில் எண்ணெய் இருப்பதில் எந்த மோசடியும் இல்லை. சில கலவைகளில் கயோலின் களிமண், மெழுகு, சிலிகோன் ஆகியவையும் இருக்கும். அவையும் அந்தந்த வேலைக்காகச் சேர்த்தவையே.

சிக்கல் வேலை முடிந்த பிறகு தொடங்குகிறது. கீறல் நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம், அதன் சரிவுகளில் வெளிச்சம் பட்டுத் திசைமாறிச் சிதறுவது. கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றுக்கு அது 1. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் கீறல் மினுங்கிக் காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பள்ளத்தில் கனிம எண்ணெய் போய் உட்கார்ந்தால்? அதன் ஒளிவிலகல் எண் 1.47 அளவில் இருக்கிறது. கிளியர் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. வெளிச்சத்துக்குக் கிளியர் கோட் எது, எண்ணெய் எது என்ற வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. கீறல் அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பாலிஷ் போட்ட கையோடு கார் கண்ணாடிபோல் நிற்பதில் எவ்வளவு பங்கு தேய்ப்பால் வந்தது, எவ்வளவு பங்கு எண்ணெயால் வந்தது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருட அனுபவமுள்ள பெயிண்டராலும் முடியாது. இது கைத்திறமை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, ஒளியின் விதி.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கறுப்பு அல்லது கருநீலக் காரின் பானட்டில், பாலிஷ் முடிந்த இடத்தில், நடுவே ஒரு மாஸ்கிங் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள். மெஷின் ஓடிய சூடு அடங்கும்வரை பொறுத்திருங்கள். புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டேப்பின் இடப்பக்கத்தில் மட்டும் நீர்த்த ஆல்கஹாலை நன்றாக நனையும்படி அடித்து, சில விநாடிகள் விட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். துணியைத் திருப்பி, காய்ந்த பக்கத்தால் இன்னொருமுறை. முதலில் ஒரு மங்கல் படலம் வழுக்கிக்கொண்டு போவது தெரியும், அதுதான் எண்ணெய். பிறகு டேப்பை உரித்துவிட்டு, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சரியாக வேலை நடந்த பானட்டில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இருக்காது. அரைகுறை வேலை என்றால் வலப்பக்கம் குளம்போல் மின்னும். இடப்பக்கத்தில் பழைய வட்டக் கீறல்களும், கம்பளி பேட் ஓட்டிய மெஷினின் வளைந்த தடங்களும் கோடு கோடாக எழுந்து நிற்கும். அந்தத் தடங்களைத்தான் டீட்டெயிலிங் செய்பவர்கள் ஹாலோகிராம் என்கிறார்கள். அவற்றை ஆல்கஹால் உண்டாக்கவில்லை. அவை ஏற்கெனவே அங்கே இருந்தன.

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருகிறேன்.

ஆல்கஹால் பெயிண்டைக் கரைக்கும் என்பது முதல் வாதம். இந்தப் பயம் சும்மா முளைத்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்த் தச்சர்கள் மரச்சாமான்களுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வது. அது காய்ந்த பிறகும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகிவிடும். கார்களிலும் ஒரு காலத்தில் இதற்கு நெருங்கிய நிலைமைதான் இருந்தது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் 1920களில் கொண்டுவந்த டுக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. உள்ளே எந்த வேதிப் பிணைப்பும் ஏற்படுவதில்லை. எனவே தின்னர் பட்டால் எத்தனை வருடம் கழித்தும் கரையும். கெட்டியான ஸ்பிரிட்டுக்கும் அது பலவீனமானது. அம்பாசடர், ஃபியட் காலத்துப் பட்டறைகளில் கை பழகிய பெயிண்டர்கள் டுக்கோவில்தான் வேலை கற்றார்கள். அவர்கள் தங்கள் சீடர்களிடம் "ஸ்பிரிட்டைக் கிட்ட கொண்டு போகாதே" என்று சொன்னது அன்றைக்குச் சரி.

இன்றைய பெயிண்ட் அது அல்ல. தொழிற்சாலையில் கிளியர் கோட்டை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சூளையில் வைத்து எடுக்கிறார்கள். பட்டறைகளில் அடிக்கும் டூ-கே, பி.யு. வகைகளில் ஹார்டனர் கலக்கிறார்கள். இரண்டிலுமே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாக இறுகிவிடுகின்றன. அந்த வலை முழுதாக இறுகிய பிறகு, பத்து விநாடி மேலே நின்று ஆவியாகிப் போகும் நீர்த்த ஆல்கஹால் அதைக் கரைக்காது. கரைக்கும் என்பவர்கள் சில விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பனிநாடுகளில் கண்ணாடி கழுவும் திரவம் உறையாமல் இருக்க அதில் கணிசமான அளவு ஆல்கஹால் சேர்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அது வைப்பர் வீச்சில் பானட்டிலும் கூரையிலும் வழிந்துகொண்டே இருக்கிறது. அங்கே எந்தக் காரும் நிறம் இழந்து நிற்கவில்லை. நம் பங்குகளில் இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. டேங்க் மூடியைச் சுற்றிச் சிந்தும்போதெல்லாம் பெட்ரோலும் ஆல்கஹாலும் சேர்ந்தே பெயிண்டில் படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவின் அடிப்பகுதியில் தார் ஒட்டியிருந்தால் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துணியை நனைத்துத் தேய்த்து எடுப்பது எந்தப் பட்டறையில் நடக்கவில்லை? பெயிண்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத் தின்னர் துணியை ஓட்டாத பெயிண்டர் யார்? அந்தக் கைகளுக்கெல்லாம் வராத பயம், பாலிஷ் முடிந்ததும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலைக் கண்டதும் வருகிறது. அந்தப் பயம் பெயிண்டைப் பற்றியதாக இருக்க முடியாது.

துடைத்தால் பளபளப்பு குறைந்துவிடுகிறதே, கண்ணெதிரே பார்க்கிறோமே என்பது அடுத்த வாதம். குறைகிறது, உண்மைதான். குறைந்தது எது என்பதே கேள்வி. போனது எண்ணெய். அது எப்படியும் போகத்தான் போகிறது. இரண்டு மூன்று தடவை ஷாம்பு போட்டுக் கழுவினால் போகும். சித்திரை வெயிலில் சில நாள் நின்றால் போகும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் நனைந்தால் போகும். பட்டறையிலேயே துடைத்துப் பார்த்தால் கீறல் அங்கேயே தெரியும். மெஷினும் பேடும் கையில் இருக்கும், ஆள் பக்கத்தில் இருப்பார், பணமும் இன்னும் கைமாறியிருக்காது. துடைக்காமல் விட்டால் அதே கீறல் மூன்று வாரம் கழித்து வீட்டு வாசலில் தெரியும். அப்போது கேட்டால், "நீங்க சரியா மெயின்டெய்ன் பண்ணலை சார்" என்று பழி கார்க்காரர் மேலேயே திரும்பும். ஆல்கஹாலால் துடைக்க மறுப்பவர்கள் பளபளப்பைக் காப்பாற்றவில்லை. அதன் சாயம் வெளுக்கும் நாளைத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

தள்ளிப்போடுவதன் விலை என்ன என்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. மூன்று வாரத்தில் கீறல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக் கார்க்காரர் ஆறு மாதத்தில் மறுபடி பாலிஷுக்கு விடுகிறார். இந்தமுறையும் அழுத்தமான காம்பவுண்ட், கம்பளி பேட், வேகமான மெஷின், கடைசியில் எண்ணெய்ப் பூச்சு. கீறலின் தலை கொஞ்சம் மழுங்கும், அடி அப்படியே இருக்கும், புதிதாக மெஷின் தடமும் சேரும். ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் ஒன்றிரண்டு மைக்ரான், சில கைகளில் அதற்கும் மேல், தேய்ந்து போகிறது. 40 மைக்ரான் படலத்தில் இப்படி எத்தனை முறை எடுக்க முடியும்? கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்புக் கோட்டிலும் படலம் சீக்கிரமே மெலிந்துவிடும். மெலிந்த கிளியர் கோட் வெயிலைத் தாங்காது. நாலைந்து வருடக் காரின் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உரிவதை நம் சாலைகளில் பார்க்கிறோமே, அதற்குப் பல காரணங்கள் உண்டு. முடிவில்லாத ரப்பிங் பாலிஷ் அவற்றில் ஒன்று. முதல் முறையே துடைத்துப் பார்த்து, விட்டுப்போன இடத்தை அங்கேயே சரிசெய்திருந்தால் அடுத்த இரண்டு பாலிஷ்களுக்குத் தேவையே இருந்திருக்காது. பெயிண்டைத் தின்பது ஆல்கஹால் என்று யாராவது சொன்னால், ரப்பிங் மெஷின் எத்தனை முறை ஓடியது என்று கேளுங்கள்.

இன்னொரு வாதத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அப்போதுதான் பாலிஷ் போட்ட பெயிண்டைத் துணியால் துடைப்பதே புதுக் கீறலைப் போடும் என்பார்கள். நடக்கக்கூடியதுதான். எண்ணெய் போன பரப்பில் வழுக்கல் இருக்காது. காய்ந்த துணியை அழுத்தி வட்டமாகத் தேய்த்தால், மென்மையான கிளியர் கோட் உள்ள கார்களில் மெல்லிய கீறல் விழும். கறுப்புக் காரில் அது உடனே தெரியும். ஆனால் இதற்குப் பரிகாரம் துடைக்காமல் விடுவது அல்ல, ஒழுங்காகத் துடைப்பது. பரப்பு நன்றாக நனைந்திருக்க வேண்டும். துணி தடிமனாக, தையல் விளிம்பு இல்லாததாக, வேறெதற்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். கீழே விழுந்த துணியை மறுபடி எடுக்கக்கூடாது. ஒரு கதவுக்கு ஒரு பக்கம் என்று மடிப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டும். இவ்வளவும் பாலிஷ் எச்சத்தைத் துடைக்கும்போது எப்படியும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம். பாலிஷ் எச்சத்தைக் கறைபிடித்த பனியன் துணியால் தேய்த்து எடுக்கும் இடத்தில், ஆல்கஹாலால் கீறல் விழும் என்ற கவலைக்கு இடமில்லை.

எனக்கு அதிகக் கெடுதல் செய்பவர்கள் எதிர்த்தரப்பினர் அல்ல, என் தரப்பிலேயே இருப்பவர்கள். துடைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, "தண்ணி எதுக்கு, அப்படியே அடி, அப்பத்தான் சுத்தமாகும்" என்று 99 சதவீத ஆல்கஹாலை ஊற்றுகிறார்களே, அவர்கள். பெயிண்ட் மங்கிவிட்டது, பிசுபிசுத்துவிட்டது என்று கேள்விப்படும் கதைகளை விசாரித்தால், பெரும்பாலும் முடிவில் இந்தக் கை நிற்கும். கெட்டியான ஆல்கஹால் கிளியர் கோட்டைக் கரைக்காது என்றாலும், தேங்கி நின்றால் அதற்குள் ஊறி, படலத்தைச் சற்றே உப்பவைத்து மென்மையாக்கும். அந்த நிலையில் துணியை இழுத்தால் கீறல் விழுவது சுலபம். அதோடு, நம் வெயிலில் கெட்டி ஆல்கஹால் துடைக்கும் வேலைக்கே உதவாது. அது எண்ணெயை இளக்குவதற்குள் பறந்துபோகும். எண்ணெய் இடம் மாறித் தீற்றலாக நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் ஆவியாவது தாமதமாகும், பரப்பு நனைந்தே இருக்கும், துணி வழுக்கிக்கொண்டு போகும். ஆபத்தும் குறையும். சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்துத் தட்டியில் வெல்டிங் நடக்கும் ஷெட்டில் அதைத் திறந்து வைப்பது விபரீதம்.

கலவைக்கு என் கணக்கு எளிது. முடிந்த கலவையில் ஆல்கஹால் 10 முதல் 15 சதவீதம் இருந்தால் போதும். கெமிக்கல் கடையில் கிடைக்கும் 99 சதவீதச் சரக்கு என்றால் 150 மில்லி ஆல்கஹாலோடு தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். 70 சதவீத பாட்டில் என்றால் 200 மில்லி எடுத்து லிட்டருக்கு நிரப்பினால் 14 சதவீதம் வரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் நீர்த்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 99 சதவீதச் சரக்கில் பாதிக்குப் பாதி என்றால் ஏறத்தாழ 50 சதவீதம். இந்த வேலைக்கு அது தேவையே இல்லாத காரம். தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரைக் கலந்தால் அதிலுள்ள உப்பு காய்ந்து புள்ளி புள்ளியாக நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் சில ரூபாய்களுக்குக் கிடைக்கிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மருந்துக் கடையில் எது கிடைத்தாலும் ஆல்கஹால்தானே என்று வாங்கி அடிப்பது இன்னொரு தவறு. சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு உதாரணம். பிரிட்டிஷ் மருந்தியல் நூல் அதற்கு வகுத்த கலவையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டோடு விளக்கெண்ணெயும் இருக்கிறது. நோயாளியின் தோல் வறண்டுவிடாமல் இருக்க அது நல்லது. பெயிண்டிலிருந்து எண்ணெயை எடுக்கப் போய், எண்ணெய் கலந்த திரவத்தால் துடைத்தால் என்ன மிஞ்சும்? கொரோனா நாட்களில் மிச்சமாகிப்போன சானிடைசரும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 75 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் செய்யச் சொன்ன கலவையில் கிளிசரால் 1.45 சதவீதம் உண்டு. கடைகளில் வந்த ஜெல் வகைகளில் பசைப்பொருளும் சேர்ந்திருந்தது. இவற்றால் துடைத்துவிட்டு, பெயிண்ட் மங்கிவிட்டது, தீற்றலாக இருக்கிறது என்று ஆல்கஹாலைக் குறை சொல்வது நியாயமாகாது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையிலேயே கனமானது ஒன்று உண்டு. பட்டறைகளில் அதைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை. வேதியியல் படித்தவர்கள் எழுப்புவார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெய்க்கு அவ்வளவு நல்ல கரைப்பான் அல்ல, தண்ணீர் கலந்தால் அந்தச் சக்தி இன்னும் குறைகிறது, அப்படியிருக்க 15 சதவீதக் கலவை எதை எடுத்துவிடப் போகிறது என்பது கேள்வி. பாதி சரி. பாலிஷில் மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மெல்லியது. அதிலேயே தண்ணீரோடு கலக்கச் செய்யும் பொருட்களும் இருப்பதால் நீர்த்த ஆல்கஹாலும் துணியும் சேர்ந்து அதன் பெரும்பகுதியை எடுத்துவிடுகின்றன, கீறலைப் பார்க்க அது போதும். கனமான கனிம எண்ணெய், மெழுகு, சிலிகோன் மிகுந்த கலவை என்றால் போதாது. அதற்கென்றே செய்த திரவங்கள் இருக்கின்றன. கார்புரோ இரேசர், ஜியான் பிரெப், ஜிடெக்னிக் பேனல் வைப் போன்றவை செராமிக் கோட்டிங் போடும் கடைகளுக்குப் பழக்கமானவை. அவற்றை வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வாங்க முடியாத சிறிய பட்டறைக்கு, முதலில் மெழுகு சேராத ஷாம்புவால் ஒரு கழுவல், காய்ந்த பிறகு நீர்த்த ஆல்கஹாலால் இரண்டு முறை துடைப்பு என்ற வழி இருக்கிறது. நூற்றுக்கு நூறு எடுக்காது என்பதற்காக எதையுமே எடுக்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

செராமிக் கோட்டிங் போடப்போகிறவர்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். அந்தத் திரவம் கிளியர் கோட்டின் பரப்போடு நேரடியாகப் பிடித்துக்கொண்டு, சிலிக்கா அடிப்படையிலான ஒரு கடினமான படலமாக இறுக வேண்டும். நடுவே எண்ணெய் இருந்தால் அது எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் நகரும்போது படலமும் பிடி விடும். வருடக் கணக்கில் உத்தரவாதம் கொடுத்து வாங்கும் பணத்துக்கு, தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும் அழகு சில மாதத்திலேயே நின்றுவிட்டால் காரணத்தைப் பெரும்பாலும் இங்கேதான் தேட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கோட்டிங் இறுகிய பிறகு அடியில் தெரியும் கீறலைத் தனியாக எடுக்க முடியாது, கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சாதாரண கார்னோபா மெழுகு போடுவதாக இருந்தால் இந்த அளவு கறார் தேவையில்லை. மெழுகு எண்ணெயோடு ஒத்துப்போகும். கீறலை மறைப்பதே நோக்கம், இன்னும் இரண்டு மாதத்தில் காரை விற்கப்போகிறோம் என்று தெரிந்தே சொல்லிச் செய்யும் வேலையிலும் நான் குறுக்கே வரமாட்டேன். மறைத்துக் கொடுத்துவிட்டு எடுத்துவிட்டதாகக் காசு வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆல்கஹாலைத் தொடக்கூடாத இடங்களும் இருக்கின்றன, அவற்றை மறைக்கவும் கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் ஒன்று. கைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகிக்கொண்டுதான் இருக்கும். முழுதாக இறுக 30 முதல் 90 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். பெயிண்ட் நிறுவனத்தின் குறிப்பே அதற்கு முடிவு. பழைய டுக்கோ பூச்சு மாறாமல் வைத்திருக்கும் அரிய அம்பாசடர்களும் ஃபியட்களும் இன்னொன்று. மெருகைவிட அந்தப் பெயிண்டின் வயதுக்கே மதிப்பு அதிகம், அதில் ஆல்கஹால் வேண்டாம். எது எந்தப் பெயிண்ட் என்று தெரியாவிட்டால் டிக்கிக் கதவின் உள்விளிம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் கலவையை நனைத்து மெதுவாகத் துடைத்துப் பார்க்கலாம். துணியில் நிறம் ஏறினால் அங்கே கிளியர் கோட் இல்லை, நிறத்தையே நேரடியாகத் தொடுகிறோம் என்று அர்த்தம். அதற்கு மேல் எச்சரிக்கையாகப் போக வேண்டும்.

கார் முழுவதையும் இப்படித் துடைக்க அரை மணி நேரம் போதும், ஒரு லிட்டர் கலவையில் பாதிகூடச் செலவாகாது. ஆகவே நேரமும் செலவும் தடை அல்ல. தடை, துடைத்தபின் என்ன தெரியும் என்பதுதான். தெரிந்தால் அந்தப் பாகத்தை மறுபடி செய்ய வேண்டும். மறுபடி செய்வது முதலாளியின் கையில் இல்லை, ஒரு காருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பையனின் தோளில் விழுகிறது. காலையில் ஒரு கார், மாலையில் ஒரு கார் என்று கணக்கு வைத்திருக்கும் பட்டறையில் எந்தப் பையன் தன் வேலையைத் தானே துடைத்துப் பார்க்கத் துணிவான்? காலையில் விட்டுச் சாயங்காலம் எடுக்க வேண்டும், அதுவும் பக்கத்துக் கடையைவிட ஆயிரம் ரூபாய் குறைவாக வேண்டும் என்று கேட்கும் கார்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கீறல் மிகுந்த கறுப்புக் காரை ஒரே பகலில் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அப்படி முடித்துத் தருவதாகச் சொல்லும் இடத்தில் எண்ணெய்தான் வேலை செய்கிறது. இரண்டு நாள் கொடுங்கள், மறுவேலைக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள், கோட்டிங் பாட்டிலைத் திறக்கும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். போனதும் பானட், கூரை, டிரைவர் பக்கக் கதவு மூன்றையும் உங்கள் முன்னாலேயே துடைக்கச் சொல்லி, வெளியே வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.